டீசல் வரிசையில் ஒரு மின்சார லாரி

போன வாரம் ஒரு காட்சி. திருமலைராயன்பட்டினம் தாண்டி, மாநில எல்லைக்கு முன்னால் இருக்கும் கடைசி பங்க். அங்கே டீசல் வரிசையில் நின்றது... ஒரு மின்சார லாரி.

துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, சத்தமே இல்லாமல் வந்து, முறையாக வரிசையில் நகர்ந்து பம்ப் பக்கத்தில் நின்றுவிட்டது. டீசல் போடுபவர் நாஸிலோடு வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"டேங்க் எங்கண்ணே இருக்கு?"

டிரைவர் ராஜேந்திரன் அண்ணன் இறங்கினார். நாஸிலைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுக்கு டேங்கே கெடயாதுப்பா. கை பழக்கத்துல ஸ்டியரிங்க இந்தப் பக்கம் ஒடிச்சிட்டேன்."

பின்னால் நின்ற டிரைவர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, டார்ச் லைட்டுக்கெல்லாம் இங்க எண்ண ஊத்த மாட்டாங்க. வண்டிய எடுங்க."

பங்க்கே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏன் தெரியுமா? அதே நேரத்தில், பங்க் அறைக்குள் அதன் முதலாளி செல்வம் அண்ணனிடம் நான் தோற்றுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அந்த லாரியைச் சோதனைக்காக ஓட்டிப் பார்ப்பவர் பஷீர் நானா. பட்டினத்துக்காரர், லாரி முதலாளி. அவர் ஷெட்டில் இருப்பது சின்ன சார்ஜர். ஒரு நடைக்கு ஓர் இரவு முழுக்க ஏற்ற வேண்டும். "இப்புடி படுத்தே கெடந்தா எனக்கு எதுக்கும்மா? மாசக் கடைசில திருப்பி அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டார். போனால் போனதுதான். நம் ஊருக்கு இன்னொன்றை யார் கொண்டுவருவார்?

பெரிய சார்ஜர் வைக்க ஒரு கம்பெனி தயார். இடம்தான் வேண்டும். அதைப் பிடித்துத் தரும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். செல்வம் அண்ணனின் பங்க்கை ஒட்டிக் காலி மனை இருக்கிறது. அவரோ அதைப் பரோட்டா கடைக்கு விடப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எல்லைக்கு அந்தப் பக்கத்த விட டீசல் வெல இங்க கம்மின்னுதான் லாரி வருது. எல்லாம் கரண்டுக்குப் போயிட்டா என் பொழப்பு என்னாவறது? அதுக்கு நானே எடம் குடுக்கணுமா?"

நியாயமான கேள்வி. லேப்டாப்பில் கொண்டுபோன நாலு வீடியோவில் ஒன்றைப் போட்டுக் காட்டப் போனேன். அப்போதுதான் வெளியே அந்தச் சிரிப்பு.

இருவரும் எழுந்து போய்ப் பார்த்தோம். பதில் பம்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது!

"அண்ணே, இந்த வண்டிக்கு இங்க வாங்க ஒண்ணுமே இல்ல. இருந்தும் வந்திருக்கு பாருங்க. டீசல் போனாலும் இந்தத் திருப்பம் போவாது. இங்க சார்ஜர் இல்லேன்னா எல்லையத் தாண்டி எவனாவது வைப்பான். அப்புறம் அங்க வண்டியத் திருப்பப் பழகிடுவாங்க" என்றேன்.

செல்வம் அண்ணன் ராஜேந்திரன் அண்ணனைப் பார்த்தார். "சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும்?"

"பெரிய மிசின்னா ஒரு மணி நேரம், ஒண்ணரை மணி நேரம். அதுவரைக்கும் நான் எங்க போறது? குளிக்க, படுக்க எடம் வேணும். சாப்பாடும் வேணும்."

"பரோட்டா சாப்பிடுவியா?"

"பசிச்சா எதையும் சாப்பிடுவேங்க."

அண்ணன் மனையைக் கண்ணால் இரண்டாகப் பிரித்தார். முன்பக்கம் சார்ஜர், பின்பக்கம் பரோட்டா கடை, ஓரமாகக் குளியலறை. முடிந்தது பேச்சு!

நாம் புதுசு கொண்டுவர நினைக்கும்போதெல்லாம் முதலில் பழக்கத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறோம். எதற்கு? பழக்கம் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அங்கே போய்க் கடையைப் போட்டால் போதாதா?

சரி, இடம் கிடைத்துவிட்டது. பஷீர் நானாவும் அடுத்த மாசக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். இனி வேண்டியது உயர் அழுத்த இணைப்பு, தனி டிரான்ஸ்ஃபார்மர். திங்கட்கிழமை விண்ணப்பத்தோடு மின்துறை அலுவலகத்துக்குப் போகிறேன். நாளைக்கு வா, அடுத்த வாரம் வா என்று சொல்லிப் பார்க்கட்டும்.

சார்ஜ் தீர்ந்த லாரி மாதிரி நிற்பேன் — தள்ளினாலும் நகர மாட்டேன்.