பார்சலுக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

என் மச்சினன் அமெரிக்காவிலிருந்து போன் செய்தால் முதல் ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் காதில் விழாது. யாரோ போய்விட்டார்கள் என்று நானாக முடிவு செய்து, யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அன்றும் அப்படித்தான். என் மாமனாரை மனசுக்குள் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டு, வீட்டுக்காரியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது வரைக்கும் வந்த பிறகுதான், அவன் "பழைய கம்ப்யூட்டர்" என்று சொல்வது கேட்டது.

"அத்தான், கேக்குதா? இங்க இன்டர்நெட்டுல ஏலம் விடுதாங்க. பழைய மெமரி, பழைய கார்டு அம்புட்டுக்கும் ஆள் இருக்கு. பழைய மிஷின விடாம ஓட்டிக்கிட்டு இருக்கவங்களுக்கு இங்க பார்ட்ஸ் கிடைக்க மாட்டேங்கு. ஊருல கெடந்தாப் பாருங்க."

"மாமா நல்லாத்தான இருக்காவ?"

"அப்பாவுக்கு என்ன? நேத்து அவிய கூடத்தான நீங்க சாப்பிட்டீங்க?"

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நான் தட்டச்சு நிலையம் நடத்திக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு டைப்ரைட்டர்களுக்கு நடுவே, பூவேலை செய்த துணி போர்த்தி, ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைத் தினமும் திறந்து மூடுகிறவன் என்பதால் குடும்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் நிபுணர் என்று பெயர்.

மச்சினன் அந்த ஏலத்தில் பழைய கேமரா லென்ஸ்களை விற்றுப் பழகியவன். அங்கே வாங்கினவர்கள் விற்றவனைப் பற்றி நாலு வார்த்தை எழுதிவைப்பார்களாம். உலகமே படிக்கலாமாம். அவனைப் பற்றி அதுவரை ஒருவரும் ஒரு குறை எழுதியதில்லை.

"அந்தப் பேரை உங்க கையில குடுக்கேன் அத்தான். ஒருத்தன் ஒரு சொல் எழுதிட்டா அழிக்க முடியாது. என்னைக்கும் நிக்கும்."

ஏற்கனவே காளான் வளர்க்கிறேன் என்று மாமனார் வீட்டு மாடி அறை முழுக்கப் பூஞ்சை பிடிக்க வைத்தவன் நான். சுவரில் வெள்ளையடித்தும் அது இன்னும் எட்டிப் பார்க்கிறது. இப்போது அந்த வீட்டுப் பையனின் பேரையும் கெடுத்தால் தீபாவளிக்கு அந்த வாசல்படி ஏற முடியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டு, "சரி மாப்ள" என்றேன். பயந்தவன் மாட்டேன் என்று சொல்லக்கூடப் பயப்படுவான்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். அவனிடம் சொன்னேன். அவனுக்கோ நேரம் கூடி வந்திருந்தது. இரண்டாயிரம் பிறக்கிற அன்று பழைய கம்ப்யூட்டர்கள் வெடிக்கும் என்று யாரோ மில் மானேஜரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் கணக்குப் பிரிவின் கம்ப்யூட்டர்களையெல்லாம் பஞ்சு குடோனுக்கு எட்டாத தூரத்தில், வேப்பமரத்தடியில் குவித்து வைத்திருந்தார். எடைக்குப் போட்டார், வாங்கிக்கொண்டோம்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்.

"இதுக்குள்ளதான மில்லு கணக்கு இருக்கு?"

"அதெல்லாம் அழிச்சாச்சி அண்ணாச்சி," என்றான் எலக்ட்ரீஷியன்.

"அழிச்சதுக்கு என்ன அத்தாட்சி? அழிக்கதுக்கு முன்ன ஒரு எடை, பொறவு ஒரு எடை போட்டுப் பாத்தீங்களா?"

நான் நிபுணன் என்ற முறையில் வாயைத் திறந்தேன். அவன் என் காலை மிதித்துவிட்டு, "போட்டோம் அண்ணாச்சி. நல்லாவே கொறஞ்சிருக்கு," என்றான். கேட் திறந்தது.

பெட்டிகளை என் நிலையத்தில் வைத்துப் பிரித்தபோது திகைத்துப்போனேன். உள்ளே இருந்த ஒவ்வோர் அட்டையிலும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். விரல் நீள மெமரி அட்டைகள்கூட வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி நின்றன. ஆயுத பூஜைக்கு மில்லில் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது எனக்குத் தெரியும். இப்படி மூடியைக் கழற்றி வைப்பார்கள் என்று தெரியாது.

"வெளிய வச்சாப் போதாதாலே?"

"வெளிய வச்சா அது தகரத்துக்கு வச்ச மாதிரி. வேல பாக்கது உள்ள இருக்கதுல்லா?"

அவன்தான் வருஷாவருஷம் வைத்தவன். நான் பல் துலக்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தோய்த்து ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். செம்பு முனைகளை மாணவர்கள் விட்டுப் போன அழிரப்பரால் அழுத்தித் துடைத்தேன். அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு பார்த்தான்.

"மொதமொத வெளிநாடு போகுது. இப்படி மூளியா அனுப்புதியே, நல்லாவாலே இருக்கு?"

"அவங்களுக்கு இதெல்லாம் அழுக்குலே."

"ஒனக்கு?"

நான் அடுத்த அட்டையை எடுத்துத் தேய்த்தேன்.

ஏலத்துக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோக்காரர் மெமரி அட்டைகளை நீலத்துணி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜாவையும் வைத்துவிட்டார். ரோஜாவை எடுத்துவிடச் சொன்னால், "சும்மா வச்சா எடுப்பா இருக்காது சார்," என்றார். அந்தப் படத்தைத்தான் ராஜபாளையம் பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பினோம். ரோஜாவும் சேர்த்துத் தருவார்களா என்று ஒருவர் கேட்டிருந்ததாக மச்சினன் கொஞ்சம் கடுப்போடு சொன்னான். ஆனாலும் ஏலம் படிந்தது. வருஷத்தில் பாதி நாள் பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில் இருந்தவர் எடுத்தார்.

மில்லில் தெர்மாகோல் கிடைக்கும் என்று எலக்ட்ரீஷியன் தன் வீட்டிலேயே அட்டைப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தான். வெளிநாட்டுப் பார்சல் என்றால் வெள்ளைத் துணியில் தைத்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும். டெய்லர் பெட்டியைச் சுற்றி டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, "தையலுக்குள்ள கொஞ்சம் துணி விடவா அண்ணாச்சி? பின்னால பெரிசாச்சின்னா பிரிச்சு விட்டுக்கலாம்," என்றார்.

தபால் நிலையத்தில் கிளார்க் பார்சலை அமுக்கிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"பால்கோவா இல்லையே?"

"இல்ல சார். கம்ப்யூட்டர் மெமரி."

"நெய் கசியாதுல்லா?"

"கசியாது சார்."

சுங்கச் சீட்டை நீட்டினார். உள்ளே உணவுப் பொருள், செடி, விதை, பழம் எதுவும் இல்லை என்று என் முழுக் கையெழுத்தைப் போட்டேன். போட்ட கையோடு பஸ் ஏறி ராஜபாளையம் போய், பார்சல் கிளம்பிவிட்டது என்று மச்சினனுக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் வந்து பின்னால் நின்றான்.

"போயிருச்சா?"

"போயிருச்சு."

"நல்லபடியாப் போய்ச் சேரும். பழம் வச்சிருக்கம்லா."

என் விரல் கீபோர்டில் ஒரே எழுத்தின் மேல் நின்றுவிட்டது. மெயில் முழுக்க அந்த எழுத்தே ஓடியது.

"என்ன பழம்?"

"எலுமிச்சம்பழம். நீதான் பொட்டெல்லாம் அழிச்சிட்டியே, திருஷ்டிக்கு ஒண்ணு வேண்டாமா? பதறாதலே. வெட்டிக் குங்குமம் தடவல. துணியில கறை படும்னு முழுசாத்தான் வச்சேன். எனக்கும் அறிவு இருக்கு."

அதற்குப் பிறகு அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் அமெரிக்காவில் இருந்தேன். வெள்ளைக் கையுறை போட்ட நாலு அதிகாரிகள் என் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி நிற்கிறார்கள். அது பனியில் முளைத்து அந்த நாட்டுப் பயிரையெல்லாம் பட்டுப்போக வைக்கிறது. மச்சினனை விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள். அவன் நேரே மாமனார் வீட்டு மாடி அறையில் வந்து இறங்கி என்னைக் கை காட்டுகிறான். பூஞ்சை பூத்த அந்தச் சுவருக்கு முன்னால் மொத்தக் குடும்பமும் நிற்கிறது.

"வண்டிய எடுலே!" என்று கத்தினேன். பிரௌசிங் சென்டரே திரும்பிப் பார்த்தது.

அவனுடைய மொபெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தோம். பறந்தோம் என்பது என் மனநிலை. வண்டி அதன் வேகத்தில்தான் போனது. சைக்கிளில் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு போனவர் ஒருவர் எங்களை முந்திப் போகும்போது, "பெட்ரோல் இல்லையா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

கிளார்க் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"தெரியும் சார். பால்கோவாதான?"

"இல்ல சார், எலுமிச்சம்பழம்."

"ஊறுகாயா?"

"முழுப் பழம்."

"காலையில மெமரின்னீங்க."

"மெமரியும் இருக்கு சார். அதை எடுத்துரணும். அதாவது பழத்த மட்டும் எடுத்துரணும்."

"பை கட்டியாச்சே. போஸ்ட்மாஸ்டருக்கு மனு எழுதிக் குடுங்க. செத்த நேரத்துல வண்டி வந்துரும், அதுக்குள்ள குடுத்தா எடுத்துத் தாரோம். காரணம் எழுதணும். இங்கிலீஷ்ல எழுதுங்க."

உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பழம் இருக்கிறது என்று எழுதினால், காலையில் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். பழத்தைச் சொல்லாமல் பழத்தை எடுக்க என்ன காரணம் இருக்கிறது? "தவிர்க்க முடியாத" என்பதை ஆங்கிலத்தில் போட்டு ஆரம்பித்தேன். அது கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவன் எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்தேன். "அன்புகூர்ந்து" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் டைப் அடித்துக் கொடுத்தவன் நான். எனக்கென்று ஒரு வரி வரவில்லை.

"ஏலே, தமிழ்ல எழுதுலே," என்று அவன் தோளை உலுக்கினான்.

"பேசாம இருலே, வாக்கியம் அமைஞ்சு வருது."

அமைந்து வந்தபோது வெளியே தபால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அதன் பிறகு நான் போனை எடுக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து யார் கேட்டாலும் நான் வத்திராயிருப்புக்குப் போயிருக்கிறேன் என்று சொல்லும்படி தட்டச்சு படிக்கிற பெண்களிடம் சொல்லிவைத்தேன். அவர்கள் அமெரிக்கா, உள்ளூர் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லோரிடமும் சொன்னார்கள். அங்கே எனக்கு யாரோ இருக்கிறார்கள் என்று தெருவில் பேச்சு கிளம்பும் அளவுக்கு நான் வத்திராயிருப்பில் இருந்தேன்.

ஒருநாள் போன் அடித்தபோது சாப்பாட்டுத் தூக்கோடு வந்த என் வீட்டுக்காரி எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரிசீவரை என் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க, என் தம்பி. வத்திராயிருப்புல இருந்து வந்துட்டீங்கல்லா?"

வாங்கினேன்.

"அத்தான், மெமரிகூட எலுமிச்சம்பழம் வச்சீங்களா?"

"கூட்டாளி எலக்ட்ரீஷியன் வச்சிட்டான். ஒண்ணே ஒண்ணு மாப்ள. சின்னது."

மெமரியை வாங்கியவர் ஏலத்தில் எழுதியிருந்ததை அவன் தமிழில் சொன்னான். பொருள் அருமை, எல்லா அட்டையும் ஓடுகிறது, இவ்வளவு சுத்தமாகப் பழைய மெமரியை நான் பார்த்ததில்லை. சுங்கத்தில் பிரித்துப் பழம் ஒன்றை எடுத்துக்கொண்டதாகச் சீட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கென்று அன்போடு அனுப்பிய பழத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதில் வருத்தம்.

"இது நல்ல பேரா, கெட்ட பேரா மாப்ள?"

"நல்லதுலதான் போட்டிருக்கான். ஆனா பழம்னு நிக்குது அத்தான். என்னைக்கும் நிக்கும். அடுத்த மெமரிக்கு விசாரிக்கவன்லாம் பழம் உண்டான்னு கேக்கான். என் ஆபீஸ்லயும் படிச்சிட்டாங்க."

"கோவமா?"

"சிரிப்பு வந்து தொலைக்குதே, பொறவு எப்படிக் கோவப்பட? அடுத்தது அனுப்புங்க. அந்த அண்ணன மட்டும் பெட்டி கட்ட விடாதீங்க."

எலக்ட்ரீஷியனிடம் போய்ச் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"பழத்த அந்த ஊரு சர்க்கார் எடுத்துக்கிட்டுதாலே?"

"ஆமா."

"அப்ப திருஷ்டி அதுக்குப் போயிருச்சு. நமக்கு வேல முடிஞ்சுது."

தீபாவளிக்கு மாமனார் வீட்டுப் படியேறினேன். செய்தி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். முகம் ரொம்பத் துக்கமாக இருந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"மருமவனே, பாவம், அந்த அமெரிக்காக்காரரு பழத்துக்கு ஆசப்பட்டு ஏமாந்துட்டாராமே," என்றார்.

பின்கட்டு எலுமிச்சை மரத்திலிருந்து அவருக்கென்று பறித்து வைத்திருந்தார். மஞ்சள் பை நிறைய.