அக்காவின் அட்டையில் நாற்பது புத்தகம்

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். படம் வரைந்து வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். லிஃப்ட்கூட உண்டு. எனக்கென்னவோ சைக்கிள் கடை மாடியில் இருந்த அந்தப் பழைய இரண்டு அறைகள்தான் நூலகம். கீழே ஏதாவது டயர் வெடித்தால் மேலே எல்லாரும் விட்ட வரியைத் தேடுவார்கள். அந்த அறைகளையும் வாசகர்களையும் முப்பத்தொரு வருஷம் கட்டி மேய்த்தவர் என் அக்கா.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பக்கத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தால் பெரிய டாக்டரே ஆனாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் புத்தகம் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வராது. உறுப்பினராகச் சேர, சொந்த வீடு உள்ள ஒருவர் பிணைக் கையெழுத்துப் போடவேண்டும் என்பது விதி. தையல் ஆலையில் வேலை செய்துகொண்டு, அறைக்கு நாலு பேராகத் தங்கியிருந்த பெண்களுக்கு யார் போடுவார்கள்? அக்கா தன் சொந்த அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவார். நோட்டில் எழுதிய காலத்தில் யாரும் கவனிக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் குட்டு உடைந்தது. இந்தக் கிளையில் புத்தகம் எடுப்பவர்கள் மொத்தமே பதினோரு பேர், அதில் ஒருவர் நூலகர் என்றது அது. கிளையை மூடிவிடலாம் என்று தலைமை அலுவலகம் கடிதம் போட்டது. அக்கா ஓய்வுபெற இரண்டு மாதம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் தலை உருளும், சொல்லாவிட்டால் கிளை போய்விடும். "பேசாம இருந்துடுக்கா" என்றேன் நான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். உங்கள் அட்டையில் ஒரே மாதத்தில் எடுத்த நாற்பது புத்தகத்தையும் நீங்களேதான் படித்தீர்களா என்று கேட்டார்.

"நான் ஒண்ணுகூடப் படிக்கல சார், நேரம் ஏது? படிக்கிறவங்களுக்கு அட்டை தர உங்க விதி விடல. என் அட்டையில குடுத்தேன்" என்றார் அக்கா.

யார் யாரென்று கேட்டார் அதிகாரி. அக்கா ஒரு பெயரையும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் தன் அட்டையில் தொலைந்தது இரண்டே புத்தகம், இரண்டையும் தொலைத்தது தன் தம்பி என்று மட்டும் சொன்னார். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

நல்லவேளை, அந்த மனிதர் உடனே கிளம்பவில்லை. ஆலை விட்டதும் திபுதிபுவென்று மாடியேறி வந்த பெண்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்த மாதம் பிணை விதி போயிற்று, கிளையும் தப்பித்தது. அக்காவுக்கு மட்டும், ஓய்வுபெறும் நாளன்று பார்த்து, கண்டித்து ஒரு மெமோ வந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார், தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுங்க பேர் எங்கயும் வரல" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டார்.