தடுப்புப் பெட்டியில் இரண்டு கடிதங்கள்

கொள்ளுப்பிட்டியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் கணினிகளுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு. போர் நடந்துகொண்டிருந்த காலம். மின்னஞ்சல் அப்போதுதான் எல்லா மேசைகளுக்கும் வந்திருந்தது. வேலை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல என்ன தயக்கம்?

வெளியிலிருந்து வரும் எந்த மெயிலும் முதலில் என் அறையிலிருந்த சேர்வரில்தான் இறங்கும். அங்கே வடிகட்டி என்று நாங்கள் சொல்லும் மென்பொருள் அதை இரண்டு தடவை சோதிக்கும். முதலில், மெயிலோடு வந்த இணைப்பு என்ன வகை என்று பார்க்கும். தட்டியதும் தானாக ஓடத் தொடங்கும் நிரல் என்றால், நல்லதோ கெட்டதோ, தடுப்புப் பெட்டிக்குள் போட்டுவிடும். அடுத்து, அதற்குள் தெரிந்த வைரஸ்களின் அடையாளம் ஏதும் கிடக்கிறதா என்று தேடும். அந்த அடையாளங்களை நான் தவறாமல் புதுப்பித்து வைப்பேன். எது பிடிபட்டாலும் மெயில் யாருக்கோ அவருக்குச் சிவப்பில் ஓர் எச்சரிக்கை போகும். அதன் கடைசி வரியில் காரணம் இருக்கும்: 'வகை தடைசெய்யப்பட்டது' அல்லது 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது'. இரண்டும் வேறு வேறு சங்கதி. ஆனால் சிவப்பைக் கண்டவர்கள் கடைசி வரிவரை போவதில்லை.

எல்லோருடைய எச்சரிக்கைகளும் தனக்கும் வரவேண்டும், தடுப்புப் பெட்டியைத் தானும் திறக்கவேண்டும் என்று எங்கள் மேலாளர் கேட்டு வாங்கியிருந்தார். சிங்களவர், கெட்ட மனிதர் அல்ல. ஆனால் அந்த நாட்களில் நகரமே பயந்துபோய்க் கிடந்தது. வெள்ளவத்தையிலிருந்து நான் பஸ் ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள்.

ஒரு காலை மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். கணக்குப் பிரிவில் வேலை செய்த, நான் அண்ணை என்று அழைக்கும் மனிதர் ஏற்கெனவே அங்கே நின்றார். கொட்டாஞ்சேனைக்காரர். என்னை விட்டால் அந்த அலுவலகத்தில் இருந்த ஒரே தமிழர். கனடாவிலிருந்த தங்கை அவருக்கு அனுப்பிய மெயில் பிடிபட்டிருந்தது. மேலாளர் அதை அச்சிட்டு மேசையில் வைத்திருந்தார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். ஒரு சொல்லும் வாசிக்க முடியாது.

"இது சங்கேத மொழி," என்றார் ஆங்கிலத்தில். "கூடவே ஒரு நிரலும் வந்திருக்கிறது. நான் பொலிசுக்குச் சொல்லத்தான் வேண்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. எழுதுபவரிடம் இருக்கும் தமிழ் எழுத்துரு வாசிப்பவரின் கணினியிலும் இருந்தால்தான் அந்தக் காலத்தில் தமிழ் மெயில் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் இந்தக் குப்பைதான். அண்ணையிடம் எழுத்துரு இல்லையென்று, தங்கை அதை நிறுவும் நிரலையும் சேர்த்து அனுப்பியிருந்தார். வடிகட்டி பிடித்தது அதைத்தான். இவ்வளவையும் விளக்கினேன். மேலாளர் நம்பவில்லை. நீயும் தமிழ்தானே என்று வாயால் கேட்கவில்லை, ஆனால் என்னை அப்படித்தான் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அண்ணை தன் மேசைக்குப் போனார். அடையாள அட்டையையும், தமிழர்கள் எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டியிருந்த பொலிஸ் பதிவுத் தாளையும் எடுத்து முன்னால் வைத்தார். பிறகு வீட்டில் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். திறந்திருந்த கதவு வழியே குரல் கேட்டது.

"இண்டைக்கு நான் வர ஏலாமல் போகலாம். உன்ரை அண்ணரிட்டைச் சொல்லி வை. பிள்ளையளுக்கு ஒண்டும் சொல்லாதை."

விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனால் எப்போது விடுவார்கள் என்று அன்று எவராலும் சொல்ல முடியாது.

மேலாளரும் ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம், சேர்," என்றேன். அவருடைய கணினியையே என் பக்கம் திருப்பித் தடுப்புப் பெட்டியைத் திறந்தேன். அண்ணையின் மெயிலுக்குக் கீழே இன்னொன்று கிடந்தது. அன்று காலையிலேயே அதைக் கண்டு வைத்திருந்தேன். மெல்பேர்னில் படிக்கும் மகன் மேலாளருக்கு அனுப்பியது. தன் பெயருக்கு வந்த எச்சரிக்கையை மனிதர் திறந்தே பார்க்கவில்லை. நான் திறந்து காட்டினேன். அதே ஆங்கில எழுத்துகள், அதே அரைப்புள்ளிகள். மகன் சிங்கள எழுத்துருவில் எழுதியிருந்தான். கூடவே, வெசாக் பண்டிகைக் காகித விளக்குக்கூடு திரையில் சுற்றுகிற ஒரு வாழ்த்து நிரல்.

"இரண்டிலும் கடைசி வரியை வாசியுங்கள், சேர்."

அண்ணையுடையதில் 'வகை தடைசெய்யப்பட்டது' என்று மட்டும் இருந்தது. மகனுடையதில் வைரஸ் இருந்தது.

"பொலிசுக்குக் கொடுப்பதென்றால் இரண்டையும் சேர்த்தே கொடுப்போம்," என்றேன்.

அவர் மகனுடைய மெயிலின் கடைசி வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு ரிசீவரை வைத்தார். "என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை," என்றார், மெதுவாக.

"தெரியும், சேர். அவருடைய தங்கையும் அப்படிப்பட்டவர் இல்லை."

"விட்டுவிடுங்கள்," என்றார்.

அலுவலக வலையமைப்போடு சேராத ஒரு பழைய கணினியில் அண்ணையின் எழுத்துரு நிரலை மறுபடி சோதித்தேன். சுத்தமாக இருந்தது. அண்ணையின் கணினியில் அதை நிறுவியதும் குப்பையெல்லாம் மறைந்து 'அன்புள்ள அண்ணாவுக்கு' என்று தெளிவாக வந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வாசியுங்கோ அண்ணை," என்றேன்.

அவர் வாசிக்கவில்லை. முதலில் தொலைபேசியைத்தான் எடுத்தார்.

"ஓம், நான்தான். வாறன். பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வாறன். அழாதையப்பா, வாறனெண்டு சொல்லுறன்தானே."

தங்கையின் கடிதத்தை அன்று அவர் பலமுறை வாசித்தார். ஆனால் அடையாள அட்டையை, வேலை முடிந்து எழும்பும் வரை, மேசையிலிருந்து எடுக்கவே இல்லை.