பெரட்டுக்களம் சரிந்திருந்தது

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அப்பாவின் காரில் ஒருமுறையாவது ஏறியிருப்பீர்கள். உண்மையில் அது எஸ்டேட் துரையின் கார். ஆனாலும் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் உங்களைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர் அப்பா. அவர் மறைந்து ஓராண்டாகிறது.

அப்பா கேமரன் மலையில் ரிங்லெட்டுக்கு மேலே, இதே எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். இரண்டு வருடம்தான் பள்ளிக்கூடம். பதினைந்து வயதில் தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் போனார். அந்த மருந்து நெஞ்சில் இருமலாகத் தங்கிவிட்டது. பழைய துரை ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகுதான் மருந்துத் தொட்டி முதுகிலிருந்து இறங்கியது. எனக்கு ஏழு வயதில் அம்மா காலமானார். அதன்பின் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

கார் மிகப் பழையது. கியர் தானாக மாறும் வகை. எழுபதுகளின் கடைசியில் அதன் கியர் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தது. புதிதாக வந்திருந்த துரை, "இன்னொரு தடவை நடுவழியில நின்னா வித்துடுவேன். நீ பழையபடி மருந்தடிக்கப் போயிடலாம்" என்றாராம்.

அப்போது நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. அப்பா காரின் ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பாப்பா, இதுல என்ன போட்டிருக்கான்னு வாசி."

வாசித்துத் தமிழில் சொன்னேன். காரைச் சூடேற்றி, அடியிலுள்ள திருகாணியைக் கழற்றிப் பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். புதிய சிவப்பு எண்ணெயை ஊற்றி, பிரேக்கை மிதித்தபடி கியர்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பிறகு எஞ்சின் ஓடும்போதே அளவுக்குச்சியைப் பார்க்க வேண்டும். கார் மட்டமான இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குச்சி அளவைத் தப்பாகக் காட்டும்.

"மட்டமான எடத்துக்கு எங்க போறது? இது கேமரன்லா" என்று சிரித்தார் அப்பா.

"பெரட்டுக்களம் இருக்குல்லப்பா. அது மட்டம்தான்" என்றேன், எல்லாம் தெரிந்தவளாக.

காலையில் பெயர் கூப்பிடும்போது ஆட்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. பிறந்தது முதல் சரிவிலேயே நடக்கிறவர்களுக்கு அது மேசைபோலத் தெரியும். அங்கே அப்பா காரின் அடியில் படுத்துக்கொண்டு, "அடுத்து, பாப்பா" என்று கேட்கக் கேட்க நான் வாசித்தேன். லோரி ஓட்டும் மாமா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கார் எப்போதும் 'காடி'தான்.

"என்னண்ணே, காடிக்கு டியூசனா?"

"ஆமாடா. நீயும் ஒக்காரு, ரெண்டு எழுத்து தெரிஞ்சுக்கலாம்."

மூன்றாம் நாள், துரையை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறியது. கார் பின்னால் நகர்ந்தது. அப்பா பிரேக்கை மிதித்து நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. மறுநாள் ஆபீஸ் வாசலில் துரை எல்லார் முன்னாலும் விசாரித்தார். நானும் அங்கே நின்றேன்.

"எடம் சரியில்ல தொரை. நான்தான் பாக்காம விட்டுட்டேன். இன்னும் ஒரே தடவை குடுங்க" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு மங்குத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பெரட்டுக்களத்தில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது.

"பாத்தியா பாப்பா, நம்ம கண்ணுக்குத்தான் இது மட்டம்."

தேயிலைத் தொழிற்சாலையின் சிமெண்டுத் தரையில் வைத்தபோது தண்ணீர் நேராக நின்றது. காரை அங்கே நிறுத்திப் பார்த்தால் எண்ணெய் வெகுவாகக் குறைந்திருந்தது. ஊற்றினோம். கார் ஓடியது. அப்பா மறுபடி மருந்துத் தொட்டியைத் தூக்கவில்லை.

பிறகு நான் மேல்படிப்புக்கு ஈப்போவுக்கும், ஆசிரியர் பயிற்சிக்காகக் கோலாலம்பூருக்கும் போனேன். அப்பா தனியாகச் சமைத்தார், தனியாகச் சாப்பிட்டார். வருடக் கடைசி விடுமுறைக்கு நான் வந்தபிறகுதான் எண்ணெய் மாற்றுவார். "நீ வாசிச்சாத்தான் ஆகும்" என்பார். அவர் இருந்த கடைசி வருடம், விடுமுறைக்குத் தோழி வீட்டுக்குப் போவதாகக் கடிதம் போட்டுவிட்டேன். அடுத்து வந்த செய்தி, இருமல் முற்றி அப்பா ஆஸ்பத்திரியில் என்பது. நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் எண்ணெய் டின் திறக்காமல் இருந்தது. அதன்மேல் புத்தகமும் மங்குத் தட்டும்.

"ஒனக்குத் தெரியாதாம்மா?" என்றார் லோரி மாமா. "அந்தப் புத்தகம் முழுக்க அண்ணனுக்கு மனப்பாடம். திரிங்காப் பக்கம் ரெண்டு பேரு காடிக்குப் புத்தகமே இல்லாம மாத்திக் குடுத்தாரு."

கருமாதிக்கு மறுநாள் மாமாவே காரின் அடியில் படுத்து எண்ணெய் மாற்றினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். "அடுத்து" என்று யாரும் கேட்கவில்லை.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற மாமாவுக்கும், கடைசி இரவுகளில் கஞ்சி கொடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும், பாடையைச் சரிவில் சுமந்த எல்லாருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் ஒன்று. பெரட்டுக்களம் மட்டம் என்று சொன்னது அப்பா இல்லை, நான். உங்களில் ஒருவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை.