பெரியப்பா சொன்ன நொட்டை

எங்கள் பக்கத்தில் நொட்டை என்று ஒரு சொல் புழங்குகிறது. குறை வேறு, நொட்டை வேறு. கூரை ஒழுகுகிறது என்றால் அது குறை. ஒழுகாத கூரையைப் பார்த்து, "ஓடு என்ன இந்த நெறத்துல இருக்கு?" என்றால் அது நொட்டை. வேறு யாராவது இப்படி ஆரம்பித்தால், "நொட்டை சொல்லாம சும்மா இருங்க" என்று அடக்கிவிடுவார்கள். என் பெரியப்பாவை மட்டும் யாரும் அடக்கியதில்லை.

அப்பா போன பிறகு அக்காவின் கல்யாணப் பேச்சு அவர் கைக்குப் போயிற்று. சுரக்குடியிலிருந்து தேய்த்த வேட்டியில் நெரவிக்கு, எங்கள் வீட்டுக்கு வருவார். நான்தான் அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை வீடுகளுக்குப் போவேன். ஒரு மாப்பிள்ளை வேகமாக நடக்கிறானாம். ஒருவனுக்குச் சிரித்தால் ஈறு தெரிகிறதாம். இன்னொரு வீட்டு வாசலில் தென்னை சாய்ந்து நிற்கிறதாம். அட மனுஷா, தென்னை மரத்துக்கா பெண்ணைக் கொடுக்கப் போகிறோம்? இப்படியே ஆறு வருஷம். அக்காவுக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. "பாத்துப் பாத்துச் செய்யிறாரு" என்பாள் அம்மா. எனக்கு வயிறு எரியும்.

விழிதியூர் வரன் அக்காவுக்குப் பிடித்திருந்தது. இருவரும் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதுவும் போச்சுன்னா இனிமே எனக்கு யாரையும் பாக்காதீங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். பெரியப்பாவும் நானும் வீடு பார்க்கப் போனோம். சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. காபியோடு சரி. சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

போனதும் ஆரம்பித்தார். கூடத்தில் வெளிச்சம் பத்தவில்லை. ஃபேன் சத்தம் போடுகிறது. காபியில் டிகாஷன் தூக்கல். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் அம்மா சமையலறையிலிருந்து வந்தார்.

"சாப்புடுங்கன்னு சொல்லலைங்க. வத்தக்கொழம்புல ஏதோ கொறையுது, எங்களுக்குப் புடிபடல. நீங்க பாத்தா சொல்லிடுவீங்களாமே?"

பெரியப்பாவின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! உள்ளங்கையில் ஒரு சொட்டு வாங்கி நக்கினார்.

"உப்பு இல்ல."

"இன்னும் ஏதோ இருக்குங்களே?"

"வெறுங்கொழம்புல எப்படிச் சொல்றது? கொஞ்சம் சோறு வைங்க."

இலை வந்தது, சோறு வந்தது. பிசைந்தார். புளி ஜாஸ்தி என்றார். எண்ணெய் பத்தல என்றார். அப்பளம் நமுத்துப்போச்சு என்றார். ரசத்தையும் விடவில்லை, மோர் வரைக்கும் போனார். கை கழுவிவிட்டுத் திரும்பினால், மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டோடு நிற்கிறார்.

"அண்ணன் கை நனைச்சிட்டீங்க. ரொம்ப சந்தோஷம்."

பெரியப்பா இலையைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிட்ட வீட்டில் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வார்? தட்டை வாங்கிக்கொண்டார். "வெத்தல வாடியிருக்கு" என்றார்.

பெரியப்பாவைச் சுரக்குடியில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். நான் பேசுவதற்குள், "கொழம்புல உப்பில்லன்னாரா?" என்றாள். அது யாருடைய ஏற்பாடு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

"நொட்டை சொல்லியே மாட்டிக்கிட்டாருக்கா!"

அவள் சிரிக்கவில்லை.

"ஆறு வருஷமா எல்லா வீட்டுக்கும் அவரு கூடப் போனவன் நீதானே? அவரு நொட்டையாவது சொன்னாரு. நீ என்னடா சொன்னே?"