பினிங் வலிக்கிறது என்று சொன்ன நாள்

பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் பினிங்கின் கை படாத பெண் பாதங்கள் குறைவு. அவருக்கு வயது நாற்பத்தொன்பது. இருபத்தாறு வருடமாக வீடு வீடாகப் போய்க் கால் நகம் வெட்டி, தோல் சீவி, சாயம் பூசுகிறார். சின்ன பிளாஸ்டிக் முக்காலியில் குனிந்து உட்கார்ந்துவிட்டால் நமக்குத் தெரிவது அவருடைய உச்சந்தலை மட்டும்தான். பேச்சு மட்டும் நிற்காது. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ரிசார்ட்டில் சமையல்காரர் கோபித்துக்கொண்டு போனார், எல்லாம் அந்த உச்சந்தலைக்குத் தெரியும். போவது வருவது பழைய சைக்கிளில். பாலத்தில் எதிர்காற்று அடித்தாலும் இறங்கித் தள்ள மாட்டார்.

நான் ருஃபோ. அவர் தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். ஊரைப் போலவே நானும் அவரை மனாங், அதாவது அக்கா, என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவேன். அவருக்கு நான் டோங், தம்பி.

ஆகஸ்டில் எங்கள் தீவில் டிரையத்லான் நடக்கும். நீச்சல், சைக்கிள், ஓட்டம். மூன்றையும் ஒருவரே செய்ய முடியாவிட்டால், மூன்று பேர் சேர்ந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம். டிராவல் ஏஜென்சி நடத்தும் ஜெரால்டின் மேம் அந்த வருடம் அப்படி ஒரு குழு சேர்த்தார். நீச்சலுக்குத் தங்கை, ஓட்டத்துக்கு அலுவலகத்துப் பெண் ஒருத்தி. தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் அவருடைய பங்கு. அதற்கென்றே புது டிரையத்லான் சைக்கிள் வரவழைத்தார். பந்தயத்துக்கு ஏழு வாரம் இருந்தபோது பெட்டி என் கடைக்கு வந்து சேர்ந்தது.

இந்த மாதிரி சைக்கிளில் நிமிர்ந்து உட்கார முடியாது. முன்னால் இரண்டு மெத்தைகள் இருக்கும். அவற்றில் முழங்கைகளை ஊன்றி, முன்னால் நீட்டிய இரண்டு தண்டுகளைப் பிடித்து, காற்று முதுகின் மேல் வழுக்கிப் போகும்படி மடிந்து கிடக்க வேண்டும். சைக்கிளை ஸ்டாண்டில் பூட்டி, மேமை ஏற்றி, மிதிக்கச் சொன்னேன்.

ஐந்தாவது நிமிடம் அவர் கேட்டார்: "ருஃபோ, தலையைக் கழட்டி மேசை மேல வச்சிட்டு ஓட்டலாமா?"

மெத்தைகளை உயர்த்தினேன். சீட்டை முன்னால் தள்ளினேன். மறுநாள் தண்டுகளைக் குட்டையாக்கினேன். பத்து நிமிடம் தாங்கினார். அதற்கு மேல் கழுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், நேரம் மிச்சமாகட்டும் என்று பினிங்கையும் கடைக்கே வரச் சொல்லியிருந்தார். ஒரு காலுக்குச் சாயம் பூசியாயிற்று. அது காயும்வரை சைக்கிளில் ஏறி மிதித்தார். பினிங் முக்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தார்.

"மேம், நீங்க காலால ஓட்டல, கழுத்தால ஓட்டுறீங்க."

"வாய் இருக்குன்னு பேசாத. நீ ஏறிப் பாரு, அப்பத் தெரியும்."

பினிங் ரப்பர் செருப்போடு ஏறினார். இருவருக்கும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான். குடை மடங்குவதுபோல் மடங்கி, முழங்கைகளை மெத்தையில் வைத்து மிதிக்க ஆரம்பித்தார். கூடவே பேச்சும். பங்குச் சாமியாரின் புது நாய், கவுன்சிலர் மனைவியின் பொய் இமை என்று போய்க்கொண்டே இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

"மனாங், கழுத்து?"

"கழுத்துக்கு என்ன? இருபத்தாறு வருஷமா நான் உட்கார்ற மாதிரிதானே இது. காலு மட்டும் சும்மா இல்லாம சுத்துது. சரி டோங், சைக்கிள எப்ப சரிபண்ண ஆரம்பிப்ப?"

ஜெரால்டின் மேம் இன்னொரு காலுக்குச் சாயம் பூசாமலேயே கிளம்பிப் போய்விட்டார்.

இரண்டு நாள் மேம் கடைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றார்.

"அழ வேண்டியதெல்லாம் அழுது முடிச்சாச்சு. பந்தயத்துல பினிங் ஓட்டட்டும். அவளுக்கு ஏத்த மாதிரி செய். ஆனா என் அளவையும் குறிச்சு வை, பின்னாடி எனக்கு வேணும்."

சீட்டுத் தண்டில் மேமின் அளவுக்குச் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்தார் பினிங். தனக்கு ஊதா.

அன்றிலிருந்து தொடங்கியது என் கஷ்டம். சைக்கிளை உடம்புக்குப் பொருத்துவதில் பாதி வேலை கேள்வி கேட்பது. முட்டி வலிக்கிறதா? உள்ளங்கை மரத்துப்போகிறதா? பினிங் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"இல்ல டோங். நல்லாருக்கு."

பிரேக் ஒரு இடத்திலும் கியர் வேறு இடத்திலும் இருப்பதைப் பற்றி மட்டும் திட்டினார். "ஓடணும்னா ஒரு இடம், நிக்கணும்னா வேற இடமா? இத செஞ்சவனுக்கு எத்தன கை?" அதுவும் நான்கு நாளில் பழகிவிட்டது. பெடலில் மாட்டிக்கொள்ளும் ஷூவோடு இரண்டு முறை கோழிக் கூண்டின் மேல் சாய்ந்தார். அதுவும் பழகிவிட்டது. எல்லாம் பொருந்திவிட்டது என்று நம்பி திருகுகளை இறுக்கினேன். விடிகாலையில் மேம் காரில் பின்தொடர, பினிங் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பழகினார்.

இரண்டாம் வாரம் முடிவில் மேம் அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு கடைக்குள் வந்தார்.

"ருஃபோ, இவ நண்டு மாதிரி நடக்குறா. இன்னிக்குப் பாதி தூரம் சீட்டுல உக்காரவே இல்ல."

பினிங்கை என் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மேம் முக்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க வலிக்குது?"

"இல்ல மேம், எனக்கு ஒண்ணும்..."

"என் கால் ஆணியில கத்தி வைக்கும்போது வலிக்கலன்னு சொல்வேன்ல. நம்புவியா?"

"மாட்டேன். கட்டைவிரல் சுருங்கும். அதத்தான் பாப்பேன்."

"இப்ப உன் முகமே சுருங்குது."

பினிங் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புதுச் சைக்கிள் மேம். உங்களுது. அதுல ஏறி உக்காந்துட்டு குறை வேற சொல்றதா?"

"எனக்குக் கழுத்து வலிச்சப்ப நான் கடையே கேக்குற மாதிரி கத்தினேன். உனக்கென்ன வாய் இல்லையா?"

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"சரி, சொல்றேன். சீட்டோட மூக்கு குத்தக்கூடாத இடத்துல குத்துது. சொல்லவே வெக்கமா இருக்கு, டோங், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ. இடது முட்டி உள்பக்கமா சுள்ளுங்குது. வலது காலு சுண்டுவிரல் செத்தே போச்சு. முழங்கை மெத்தை ரெண்டும் ரொம்பக் கிட்ட இருக்கு, மூச்சு விட மார்பு விரிய மாட்டேங்குது. ஹெல்மெட் பட்டை காதைத் தின்னுது. அப்புறம் டோங், நீ கடையில போடுற பாட்டு ஒண்ணுகூட நல்லால்ல."

திரும்பி நின்றபடியே ஓர் அட்டையில் எழுதினேன். முடித்தபோது ஆறு குறைகள் இருந்தன. முதலில் பாட்டை நிறுத்தினேன்.

அன்று மாலைவரை கடையில் வேறு வேலை எதுவும் நடக்கவில்லை. நடுவில் பள்ளம் விட்ட வேறு சீட் மாட்டி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன். சீட்டை ஓர் அரிசி நீளம் இறக்கினேன். ஊதாக் கோடு இடம் மாறியது. இடது ஷூவின் அடியிலிருந்த கொக்கியைச் சற்றுத் திருப்பினேன். வலதுக்கு ஓர் அளவு பெரிய ஷூ. மெத்தைகளைப் பக்கத்துக்கு இரண்டு விரல் விலக்கி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் பினிங் ஏறி, மிதித்து, "இன்னும் கொஞ்சம்... ஐயோ, அவ்வளவு இல்ல... பழையபடி வை" என்று அதிகாரம் செய்தார். அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்தது எங்களுக்கு அதுவரை தெரியாது. மேமுக்கு ஒரே சிரிப்பு.

பந்தயத்தன்று மேமின் தங்கை கடலிலிருந்து ஓடி வந்து, நேரம் பதிவு செய்யும் பட்டையைத் தன் கணுக்காலிலிருந்து கழற்றி பினிங்கின் காலில் கட்டினார். பினிங் கிளம்பினார். கடைசி முப்பது கிலோமீட்டரில் காற்று மாறி முகத்தில் அடித்தது. வாட்டசாட்டமான பையன்கள் எல்லாம் கழுத்து தாங்காமல் நிமிர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது பினிங் நலம் விசாரித்தாராம். "எங்க தம்பி வலிக்குது? உன் மெக்கானிக்கிட்ட சொன்னியா?" என்று ஒருவனைக் கேட்டதாக அவனே பிறகு என் கடைக்கு வந்து சொன்னான்.

பினிங்குக்கு ஆனது மூன்று மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். எழுபது குழுக்களில் அவர்கள் குழு இருபத்தெட்டாவது. மேம் வேலிக்கு வெளியே நின்று, பரிசே வாங்கிவிட்டதுபோல் கத்திக்கொண்டிருந்தார். பினிங் பட்டையை ஓட்டக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, ஓலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம் நான்கும் சுட்ட பன்றி இறைச்சியும் சாப்பிட்டு, நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

திங்கட்கிழமை காலையில் என் கடை போன் ஓயவில்லை. பினிங் அனுப்பிய செய்தி நிஜம்தானா என்று மூன்று பெண்கள் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே செய்திதான் அனுப்பியிருந்தார்: முதுகு வலிக்கிறது, புதன்கிழமைதான் வருவேன்.

சைக்கிள் இப்போது இருவருக்கும் பொது. செவ்வாயும் வியாழனும் பினிங் எடுக்கிறார். சனிக்கிழமை மேம். மெத்தைகளை நன்றாக உயர்த்திக் கொடுத்திருக்கிறேன், மேம் இருபத்தைந்து நிமிடம் தாங்குகிறார். அடுத்த ஆகஸ்டுக்குள் ஒரு மணி நேரம் ஆக்கிக் காட்டுகிறேன் என்று பினிங்கிடம் சவால் விட்டிருக்கிறார்.