இருபத்தேழாவது வரி

ஜெகதாப்பட்டினத்துச் சேதி அறந்தாங்கிக்கு வர பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போதும். அன்று காலை அது ஷார்ஜாவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"சுடரு, ஒண்ணு கேள்விப்பட்டேன், நெசமான்னு தெரியல." வாட்ஸ்அப்பில் கணவன் பிரவீன்குமாரின் குரல். "ரூம்ல உதயசூரியன் இருக்கான்ல, அவன் மச்சான் சொன்னானாம். புடிபட்ட ஆளுக லிஸ்ட்ல முத்துராஜ் பேரை மட்டும் எடுத்துட்டாங்களாம். சங்கத் தேர்தல்ல செயலாளரை எதுத்து நின்னவன்ல? அறந்தாங்கில ஒரு கம்ப்யூட்டர் கடைப் பொம்பளைய வச்சு அழிச்சதாப் பேச்சு. அது நீ இல்லைல?"

சுடர்விழி அதை இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை வரவில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர் உண்டு. விசைப்படகுத் தொழிலாளர் சங்கத்துக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.

ஏழு படகுகளில் மீன்பிடிக்கப் போன முப்பத்தொரு பேரை அக்கரைக் கடற்படை பிடித்து வைத்திருந்தது. அன்று பதினொரு மணிக்குப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீசில் கூட்டம். சங்கச் செயலாளர் உடையப்பன் முத்திரை குத்திக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை வைத்துத்தான் அக்கரை வக்கீலுக்கு மனு போகும். பட்டியலில் இல்லாதவனுக்காக அங்கே யாரும் எழுந்து நின்று பேசப்போவதில்லை.

பதிலுக்குப் பேச வாயெடுப்பதற்குள் கடை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முத்துராஜின் மனைவி அழகி. கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்க வேண்டும். முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வந்த முகம். கையில் நாலாக மடித்த இரண்டு தாள்கள்.

"எம்புருசன் பேரு எங்கக்கா?"

"உள்ள வாம்மா. உக்காரு."

"உக்கார வரல. வலையில மீன் விழலன்னா கடலைத் திட்டிட்டுப் போயிருவோம். இதுக்கு யாரைத் திட்டணும்னு நீங்களே சொல்லுங்க."

சுடர்விழி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். பட்டியலை உருட்டினாள். "இந்தா பாரு. இருபத்தேழு, முத்துராஜ், தகப்பனார் பேரு முனியசாமி. யாரும் அழிக்கல."

அழகி திரையைப் பார்த்தாள். மூச்சு விட்டாள். பிறகு தாள்களை மேசைமேல் விரித்தாள்.

"டிவியில இருக்கு, தாள்ல இல்லையே. ஆபீசுல உங்க டிவியவா தூக்கிட்டுப் போயிக் காட்டுவாங்க?"

முதல் தாள் இருபத்தாறில் முடிந்திருந்தது. இரண்டாம் தாள் இருபத்தெட்டில் தொடங்கியது. நடுவில் ஒருத்தன் இல்லை. இரண்டாம் தாளின் உச்சியில், படகுப் படத்தோடு சங்கத்தின் பெயர் நீலப்பட்டையில் பளிச்சென்று இருந்தது. சுடர்விழி தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். பட்டையின் அடி விளிம்பில் மயிரிழை போலக் கறுப்பாக எதுவோ நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் எழுத்தின் கால். முத்துராஜின் 'ரா'வாக இருக்கலாம்.

பட்டைக்கு அடியில் அவன் பெயர் இருந்தது.

இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் இருந்தது. 'சுடர் கடைத் தாள் வெட்டுப்படாது' என்பார்கள். புதுக்கோட்டையில் மூன்று வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள்; கல்யாணமாகி இங்கே வந்தவள். ஹால் டிக்கெட்டில் பாதி போட்டோ, பட்டா நகலில் ஓரம் போன சர்வே எண் என்று ஜனங்கள் கடை கடையாக அலைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அது பிடிபட்டது: திரை வேறு, தாள் வேறு. திரையை உருட்டலாம், தாளை உருட்ட முடியாது. ஒரு பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்ற கட்டளைகள் ஸ்டைல் ஷீட்டில் இருக்கும். அதிலேயே அச்சுக்கு மட்டும் என்று தனியாக ஒரு பகுதி எழுதலாம். இந்தப் பொத்தான் தாளில் வேண்டாம், இந்தப் படம் வேண்டாம், எழுத்து இத்தனை பெரிது என்று. பக்கம் செய்பவர்களில் பாதிப் பேர் அந்தப் பகுதியை எழுதுவதே இல்லை. அவள் எழுதுவாள்.

சங்கத்துக்கும் எழுதினாள். அன்றைக்கு உடையப்பன் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, எங்கிட்டு உருட்டுனாலும் சங்கத்துப் பேரு மேல நிக்கணும். தாள்லயும் ஒவ்வொரு பக்கத்துலயும் நிக்கணும். அதிகாரி மறந்துரக் கூடாதுல்ல?" என்றார்.

"படகுல கொடி கட்டுற மாதிரியாண்ணே?"

"அதேதான்!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

அப்படியே பட்டையைப் பக்கத்தின் உச்சியில் அசையாமல் கட்டினாள். முதல் வரி அதற்கடியில் மாட்டாமலிருக்க மேலே இடமும் விட்டாள். அந்த இடம் முதல் தாளுக்கு மட்டும்தான் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று பட்டியலில் இருபத்தாறு பேர். ஒரே தாள். அச்சடித்துப் பார்த்தாள், அழகாக வந்தது. ஏழாவது படகும் பிடிபட்டது முந்தாநாள்தான் உறுதியானது. ஐந்து பெயரைச் சேர்த்தாள், திரையில் சரிபார்த்தாள், வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்றதால் அச்சு எடுத்துப் பார்க்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் உடையப்பன் சங்க ஆபீசிலேயே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் தாளிலும் கொடி ஏறியிருக்கிறது, முத்துராஜின் தலைமேல்.

"செயலாளர்தான் பண்ணாருன்னு எங்க தெருவுல பேசுறாங்க," என்றாள் அழகி. "நெசந்தானா?"

ஆமாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஊர் நம்பும், ஏற்கனவே பாதி நம்பியாயிற்று. சுடர்விழி தாளைக் கீழே வைத்தாள்.

"அவரு பண்ணல. நாந்தான்," என்றாள். "வேணும்னு இல்ல. அந்த நீலப்பட்டைக்கு அடியில உம்புருசன் பேரு மாட்டிக்கிச்சு. நான் பாத்திருக்கணும். பாக்கல."

அழகி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தைந்து.

"எடுத்துக் குடுங்க."

சுடர்விழியின் விரல்கள் ஓடின. தாளில் பட்டை நகராமல் நிற்க வேண்டாம், தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை வந்தால் போதும் என்று மாற்றினாள். வரிசை எண், பெயர், படகு என்ற தலைப்பு வரி மட்டும் ஒவ்வொரு தாளிலும் திரும்ப வரட்டும். அச்சு முன்னோட்டத்தைப் பார்த்தாள். இப்போது இருபத்தேழாம் வரி இரண்டாகப் பிளந்து, பெயர் ஒரு தாளிலும் தகப்பன் பெயர் அடுத்த தாளிலுமாக நின்றது.

"ஐயோ, வெட்டிட்டீங்களே அவரை!" என்றாள் அழகி.

"பொறு, பொறு." எந்த வரியும் நடுவில் உடையக் கூடாது என்று இன்னொரு கட்டளை சேர்த்தாள். மறுபடி முன்னோட்டம். இருபத்தாறு, தாள் முடிந்தது. அடுத்த தாளில் தலைப்பு வரி, அதன்கீழ் இருபத்தேழு. முழுசாக.

அச்சுப்பொறி தாளை இழுத்துத் துப்புவதற்குள் ஒரு யுகம் போனது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். அழகியும் கூடவே முணுமுணுத்து எண்ணினாள்.

பட்டியலைப் படமாகவும் உடையப்பனுக்கு அனுப்பினாள். ஒரே ஒரு டிக், இன்னும் போய்ச் சேரவில்லை. முத்திரை அவர் பையில் இருக்கிறது. பழைய தாளை அவர் கொடுத்துவிட்டால் பிறகு இந்தத் தாள் வெறும் தாள்தான். அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"வண்டியில போயிக்கிட்டிருப்பாரு," என்றாள் அழகி. "நான் பஸ்ல போறேன். தாளைக் குடுங்க."

"நீ போயி சொன்னா, தப்பு யாருதுன்னு சண்டைதான் வரும். நானும் வாரேன்."

"கடை?"

"கடை எங்கயும் ஓடிறாது."

ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். புதுக்கோட்டை பஸ் நகரத் தொடங்கியிருந்தது. நடத்துநர் திட்டிக்கொண்டே கைநீட்டி ஏற்றிவிட்டார். தாளை மடிக்க மனமில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு அழகி மடியில் வைத்துக்கொண்டாள், சூடான பாத்திரத்தைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும்.

வழியெல்லாம் நிறுத்தங்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஏறினார்கள், யாரோ மூட்டையை இறக்கினார்கள். புதுக்கோட்டை எல்லைக்கு வரும்போது பத்து ஐம்பத்திரண்டு. சுடர்விழி ஏழாவது முறையாக அழைத்தாள்.

"எடுத்தாரா?"

"அடிக்குது."

அழகி தன் காதையும் அந்தக் கைபேசியின் மறுபக்கத்தில் ஒட்டினாள். முன்னால் ரயில்வே கேட் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் என்ஜினை அணைத்தார். பஸ் முழுக்க சட்டென்று அமைதியானதில், மணி அடிக்கும் சத்தம் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. அது அடித்துக்கொண்டே இருந்தது.